டகோட்டாவுக்குச் சாவே கிடையாதா?



"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமாப்பா?" என்ற வசனத்தைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. டீக்கடையில் கேட்டிருப்போம், பட்டறையில் கேட்டிருப்போம், ஏன், நம் ஒர்க் ஷாப்பிலேயே தினமும் கேட்கிறோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற பழைய ஜீப்பைக் காட்டி, "இரும்புடா அது... இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா" என்பார்கள். அதே ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்துவிட்டால், அதே வாய், "பழசு, அதான் போயிடுச்சு" என்று சொல்லும். பெருமைக்கும் பழசுதான் காரணம், பழிக்கும் பழசுதான் காரணம்! இரண்டையும் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் ஒரு பழைய விமானத்தை இங்கே இழுத்து வருகிறேன்.

"மலையில பொறந்த பயலுக்கு ஏரோப்ளேன் எதுக்குடா?" என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டார். என்னை இங்கே சேர்க்க வந்த அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டார்; அதற்கே ஒரு வாரம் பழகினார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனவே விமானத்தில் ஏறிய அனுபவத்தை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நம் மாவட்டத்துக்கும் விமானத்துக்கும் ஒட்டே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் ஒன்று உண்டு.

விமானத்தை எடுத்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒரு ஜீப் கவிழ்ந்தால் அதன் காரணத்தை ஊரே ஆளுக்கொரு விதமாகச் சொல்லும். ஒருவரும் எழுதி வைக்க மாட்டார்கள். விமானம் விழுந்தால் எழுதுகிறார்கள். எந்த வருடம், எந்த இடம், எத்தனை பேர், எந்த நட்டு, எந்த முடிவு... எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆகவே பழசா புதுசா என்ற வழக்கைத் தீர்க்கச் சாட்சி வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

நான் கூண்டில் ஏற்றப்போகும் சாட்சியின் பெயர் டகோட்டா. கம்பெனி வைத்த பெயர் டி.சி.-3. டக்ளஸ் கம்பெனி கட்டியது. 1935 டிசம்பர் 17ல் முதல் தடவை பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 வருடம் ஆன நாள் அது! பயணிகளுக்கென்று கட்டியவை 607. பிறகு போர் வந்தது; சாமானும் சிப்பாயும் ஏற்ற அதே விமானத்தைச் சி-47 என்று ராணுவத்துக்குக் கட்டித் தள்ளினார்கள். எல்லாம் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். ரஷ்யாவிலும் ஜப்பானிலும் உரிமம் வாங்கிக் கட்டியது தனிக் கணக்கு. டகோட்டா என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். நம் நாட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

இந்த விமானம் பிறந்த கதையை மெக்கானிக்கல் பிரிவுத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1931 மார்ச் 31ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபோக்கர் ரக விமானம் ஒன்று இறக்கை முறிந்து விழுந்து எட்டுப் பேர் செத்தார்கள். செத்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி என்ற புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர்; அதனால் நாடே கொதித்தது. (எட்டுப் பேரும் நம்மைப் போன்ற ஆட்களாக இருந்திருந்தால் கொதித்திருக்குமா என்பது வேறு கேள்வி.) அந்த இறக்கை மரத்தால் ஆனது. ஈரம் புகுந்து பசை விட்டுப்போயிருந்தது. மர இறக்கையைச் சோதிப்பதும் லேசான வேலை அல்ல, உள்ளே நடப்பது வெளியே தெரியாது. இதற்குப் பிறகு டி.டபிள்யூ.ஏ. என்ற விமான கம்பெனி, முழுக்க உலோகத்தால் ஆன விமானம் வேண்டும் என்று கேட்டது. கூடவே ஒரு நிபந்தனை: தங்கள் பாதையில் உள்ள எந்த நிலையத்திலிருந்தும், ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் மேலே ஏறிப் போக முடிய வேண்டும். டக்ளஸ் ஒப்புக்கொண்டு முதலில் டி.சி.-1 என்று ஒன்றே ஒன்று கட்டியது. 1933ல் அரிசோனாவில் உயரமான இடத்தில் உள்ள வின்ஸ்லோ நிலையத்தில் கிளம்பும்போதே ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு ஏறிக் காட்டினார்கள். அதன் பேரன்தான் டகோட்டா.

அதாவது, "அந்தக் காலத்து இரும்பு" என்பதால் அது கெட்டியாக வரவில்லை. எட்டுப் பேர் செத்ததற்குக் காரணம் தேடி, காரணத்தை எழுதி, எழுதியதை அடுத்த வரைபடத்தில் சேர்த்ததால் கெட்டியாக வந்தது. அந்தக் காலத்தில் டகோட்டாதான் புதுசு! இதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

நம் நாட்டில் டகோட்டா பெற்ற மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. போர் முடிந்ததும் மிச்சமாகக் கிடந்தவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் நாற்காலி போட்டுப் பயணி விமானமாக மாற்றினார்கள். 1947 அக்டோபர் 27ல் ஸ்ரீநகருக்கு நம் சிப்பாய்களைக் கொண்டுபோய் இறக்கியது டகோட்டா. அடுத்த வருடம் லே என்ற பனிமலை ஊரில், பத்தாயிரம் அடிக்கு மேல் உள்ள மண் தரையில், மெஹர் சிங் டகோட்டாவை இறக்கினார். சிலோன்காரர்களின் ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10ல் தன் முதல் பயணத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக நம் சென்னைக்குத்தான் ஓட்டியது, அதுவும் டகோட்டாவே. 1953ல் எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது கைக்கு வந்த விமானங்களில் எழுபதுக்கு மேல் டகோட்டா. ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண்ணைத் தாங்கி, பரசுராமா என்ற பெயருடன், பழுது பார்த்த ஒரு டகோட்டா 2018ல் இங்கிலாந்திலிருந்து பறந்தே நம் விமானப்படைக்கு வந்து சேர்ந்தது. "டகோட்டாவுக்குப் பதில் இன்னொரு டகோட்டாதான்" என்று விமானக்காரர்களிடையே பழமொழியே உண்டு.

இதை எல்லாம் படித்தால் யாருக்கும் புல்லரிக்கும். எனக்கும் புல்லரித்தது. ஆனால் தோழர்களே, இப்போது கோத்தகிரிக்கு வாருங்கள்.

1950 டிசம்பர் 13. பம்பாயிலிருந்து கோயம்புத்தூர் வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா டகோட்டா ஒன்று நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதியது. பயணிகள் 17, ஊழியர்கள் 4, ஆக 21 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. பாதை கணிப்பதில் பிழை என்று காரணம் சொன்னார்கள். டகோட்டாவின் உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. ஆகவே ரொம்ப உயரத்தில் போனால் பயணிக்கு மூச்சு திணறும். மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்கிற வசதி பெரும்பாலும் இல்லை. மேகத்துக்குள்ளேயே, மலைகளுக்குச் சமமாகவே போக வேண்டும். நம் கல்வராயன் மலை இரண்டாயிரம், மூவாயிரம் அடி. நீலகிரியில் தொட்டபெட்டா 8,600 அடிக்கும் மேல். கார்காலத்து மூட்டத்தில் இருபது மைல் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மலையில் டிசம்பர் மாதம் காலை ஏழு மணிக்குப் பத்தடி தூரத்து மாடு தெரியாது.

அந்த 21 பேரில் ஆப்ரகாம் வால்ட் என்று ஒருவர் இருந்தார். மனைவியும் கூட வந்து அவரோடே இறந்தார். வால்டுக்கு வயது 48. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுக்காக வந்தவர். 1902ல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சனிக்கிழமை பள்ளிக்கூடம் போவது அவர்கள் வழக்கத்துக்கு ஆகாது என்பதால் சின்ன வயதில் வீட்டிலேயே படித்தவர். ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938ல் அமெரிக்காவுக்குத் தப்பினார். ஐரோப்பாவில் விட்டுவந்த குடும்பத்தினர் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். தரக்கட்டுப்பாட்டுப் பாடத்தில் சீக்வென்ஷியல் சாம்ப்ளிங் என்று ஒன்று வருமே, லாட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே போய் ஏற்கலாமா தள்ளலாமா என்று முடிவு செய்வது, அந்தக் கணக்கைக் கொடுத்தவர் இவர்தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். அதைக் கண்டுபிடித்த ஆள் நம் நீலகிரி மலையில் செத்தார் என்று ஒருத்தரும் நமக்குச் சொன்னதில்லை.

போரின்போது நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் குழுவில் அவர் வேலை பார்த்தார். குண்டு போடப் போய்த் திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே துளை விழுந்திருக்கிறது என்று எண்ணி வைத்திருந்தார்கள். உடம்பிலும் இறக்கையிலும் நிறையத் துளை. இன்ஜின் பக்கம் குறைவு. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? துளை நிறைய விழுந்த இடத்தில் கூடுதல் தகடு அடிப்போம். வால்டின் கணக்கு நேர் எதிராகச் சொன்னது. நீங்கள் எண்ணியது திரும்பி வந்த விமானங்களை. இறக்கையில் அடிபட்டும் அவை வந்துவிட்டன. இன்ஜினில் அடிபட்டவை வரவே இல்லை; அதனால்தான் அந்தத் துளைகள் உங்கள் பட்டியலில் இல்லை. துளை இல்லாத இடத்தைத்தான் பலப்படுத்த வேண்டும்!

இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வராமல் போனதைக் கணக்கில் சேர் என்று சொன்ன மனிதர், போருக்குப் பெயர்போன அதே டகோட்டா வகையில் ஏறி, வராமல் போனார். காலத்தின் கேலி என்பதா, என்னவென்று சொல்வது?

இப்போது டகோட்டாவின் புகழுக்கு வருவோம். பத்தாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். அதில் போரில் விழுந்தவை உண்டு, விபத்தில் போனவை உண்டு, உடைத்துப் பழைய இரும்புக்கு விற்றவை உண்டு. எண்பது வயதிலும் ஒன்றிரண்டு பறப்பதைப் பார்த்து, "பாருய்யா, அந்தக் காலத்து விமானம்!" என்கிறோம். நாம் பார்ப்பது திரும்பி வந்ததை மட்டும். வெள்ளிமலை ஸ்டாண்டில் நிற்கிற பழைய ஜீப்புகளை எண்ணி, பழைய ஜீப் கெட்டி என்று முடிவு கட்டுவதும் இதே கணக்குத்தான். பள்ளத்தில் கிடப்பது ஸ்டாண்டுக்கு வராது.

அப்படியானால் பழசுதான் ஆபத்து, எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டு என்கிறாயா என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

கோத்தகிரிக்கு 21 வருடம் கழித்து, 1971 டிசம்பர் 9ல், திருவனந்தபுரத்திலிருந்து மதுரை வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர்ப் பக்கம் மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் பலி. பத்துப் பேர் பிழைத்தார்கள். பட்டப்பகல்தான், ஆனால் மூட்டம். அது டகோட்டா அல்ல. டகோட்டாவுக்குப் பதிலாக வந்த ஆவ்ரோ, எச்.எஸ்.-748. இன்னும் இருபது வருடம் கழித்து, 1991 ஆகஸ்ட் 16ல், இம்பாலில் இறங்கப்போன போயிங் 737 ஜெட் மலையில் மோதி 69 பேரும் இறந்தார்கள். டகோட்டா போய் ஆவ்ரோ வந்தது, ஆவ்ரோ போய் ஜெட் வந்தது; மலை மட்டும் அப்படியே நின்றது. விமானத்தைப் புதுசாக்கினால் போதும் என்றால் இந்த மூன்றும் ஏன் ஒன்றைப் போலவே இருக்க வேண்டும்?

"பைலட் தப்பு" என்று சொல்லி மூடிவிடுவது எளிது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் அல்லவா! எங்கள் மலையிலும் அப்படித்தான், எந்த வண்டி கவிழ்ந்தாலும் "டிரைவர் தூங்கிட்டான்". டான் பேட்மேன் என்ற கனடா நாட்டு இன்ஜினியர் அப்படி மூடவில்லை. நல்ல பைலட்டுகளே, நல்ல நிலையில் உள்ள விமானத்தை, மலை இருப்பது தெரியாமல் அதில் கொண்டுபோய் மோதுகிறார்கள் என்றால், தெரியப்படுத்த ஒரு கருவி வேண்டும் என்று நினைத்தார். தரை வேகமாக நெருங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும் பெட்டியை உருவாக்கினார். 1974 டிசம்பர் 1ல் அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே போயிங் 727 ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்த பிறகு, அந்தப் பெட்டியைப் பெரிய பயணி விமானங்களில் கட்டாயம் ஆக்கினார்கள். பேட்மேன் 2023ல் காலமானார். அவர் பெட்டியால் பிழைத்தவர்களுக்கு அவர் பெயரே தெரியாது. என்ன செய்வது, விழாத விமானத்தைப் பற்றிப் பேப்பரில் போட மாட்டார்களே.

அந்த 92 பேர் கதையில் இன்னொரு சங்கதி உண்டு. அதை நான் இந்த மலரில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விபத்துக்கு ஆறு வாரத்துக்கு முன்னால் வேறு கம்பெனி விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில், அதே மலைக்கு மேல் மயிரிழையில் தப்பியிருந்தது. அவர்கள் தங்கள் கம்பெனிக்குச் சொன்னார்கள். கம்பெனி தன் பைலட்டுகளுக்குச் சொன்னது. மற்ற கம்பெனிக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் 1976ல் அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு வந்தது: மயிரிழையில் தப்பியவன் எவனும் எழுதிப் போடலாம், எழுதியவன் பெயரை நீக்கிவிடுவார்கள். அதை நடத்தும் பொறுப்பைத் தண்டிக்கிற அதிகாரிகளிடம் விடாமல் நாசாவிடம் கொடுத்தார்கள். எழுதினால் அடி விழாது என்று தெரிந்தால்தான் எழுதுவான். இது நம் வாத்தியார்களுக்கும் தெரிந்த உண்மைதானே?

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 1954ல் காமெட் என்ற உலகின் முதல் பயணி ஜெட் விமானம் நடுவானில் அடுத்தடுத்து இரண்டு உடைந்தன. புத்தம் புது ரகம்! காமெட்டின் உடம்பைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தம் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தபோது ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில் விரிசல் விட்டது. உலோகச் சோர்வு என்று மெட்டீரியல்ஸ் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். மேலே போகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறும், இறங்கும்போது குறையும். பலூனை ஊதி ஊதி விடுவது மாதிரி. டகோட்டாவில் அந்த ஊதலே கிடையாது; அது நீண்ட நாள் உழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாருங்கள், எந்தக் குறையால் அது மலை உயரத்தில் பறக்க வேண்டியிருந்ததோ, அதே குறைதான் அதன் உடம்பைக் காப்பாற்றியது. இனி 1988 ஏப்ரல் 28க்கு வாருங்கள். ஹவாய்த் தீவுகளில் அலோஹா கம்பெனியின் போயிங் 737 ஒன்றின் கூரை பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போய், ஒரு பணிப்பெண் பலியானார். அதன் வயது 19. ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது, போதாக்குறைக்கு உப்புக்காற்று. அதே 19 வருடம் தூரதேசம் போய்வந்த விமானம் அதில் சிறுபங்குகூட ஏறி இறங்கியிருக்காது. ஆக, வருடத்தைக் கேட்காதே, எத்தனை நடை போயிருக்கிறாய் என்று கேள்.

2025 ஜூன் 12ல் அகமதாபாத்தில் போயிங் 787 விழுந்து அதில் இருந்த 242 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்தார்களே, அப்போது நம் ஹாஸ்டலில் என்ன பேசினோம்? "புது மாடலே இப்படின்னா..." என்றார்கள் சிலர். "பதினோரு வருஷப் பழசாம்டா" என்றார்கள் சிலர். ஒரே விமானம் ஒரே ராத்திரியில் புதுசாகவும் பழசாகவும் ஆகிவிட்டது! அந்த விபத்தின் காரணத்தைப் பேச நான் வரவில்லை. நாம் பேசிய விதத்தைத்தான் சொல்கிறேன்.

சரி, இதற்கும் நமக்கும் என்ன? இருக்கிறது.

எங்கள் மலையில் என் தாய்மாமன் ஒருவர் பழைய ஜீப் வைத்திருக்கிறார். கடுக்காய், மரவள்ளிக் கிழங்கு, கல்யாண வீட்டு ஆட்கள், பிரசவ வலி எடுத்த பெண் என்று எல்லாவற்றுக்கும் அதே ஜீப். "முப்பது வருஷமா ஓடுதுடா மாப்ளே, ஒண்ணும் ஆகல" என்பார். மாமா, ஒன்றும் ஆகாத ஜீப்தான் உங்களிடம் இருக்கிறது, ஆன ஜீப் யாரிடமும் இல்லை என்று நான் சொன்னால், "படிச்ச திமிரு" என்று சிரிக்கிறார். ஆனால் அந்த மனிதர் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்க மாட்டார். ஏறின கியரிலேயே இறங்குவார். ஏன் என்று கேட்டால், "எங்க முதலாளி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு" என்கிறார். காரணம் நமக்குத் தெரியும்: இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்தால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும், கடைசி வளைவில் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர்ப் பக்கம் கூலிவேலைக்கு ஆள் ஏற்றி இறங்கிய ஒரு மினி லாரிக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. "பழைய வண்டி" என்றார்கள், முடிந்தது. வண்டி காயலான் கடைக்குப் போனது. எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு போய், அன்றிலிருந்து திண்ணைதான் உலகம். அடுத்த மாதமே அதே பாதையில் அதே மாதிரி ஆள் ஏற்றி இன்னொரு மினி லாரி இறங்கியது. அது கொஞ்சம் புதுசு. அதனால் எல்லோரும் தைரியமாக ஏறினார்கள். எங்கள் அம்மாவும் ஏறினார்.

அரசாங்க வண்டி 15 வருடம் தாண்டினால் பதிவு கிடையாது என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. சும்மா ஓடுவதைவிட ஏதாவது ஒரு எல்லை நல்லதுதான். ஆனால் வயதை வைத்து எல்லை போடுவது அதிகாரிக்குச் சுலபம், காரணத்தைத் தேடுவதுதான் கஷ்டம். மலைமேல் பத்து நடை போகும் எட்டு வருட வண்டியும், கள்ளக்குறிச்சி டவுனுக்குள் ரெண்டு நடை போகும் பதினாறு வருட வண்டியும் காகிதத்தில் பார்த்தால் முதலாவது வாலிபன், இரண்டாவது கிழவன். அலோஹா விமானத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். மாமாவின் ஜீப்புக்கு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பிரேக் லைனிங் எத்தனை நடைக்கு வருகிறது என்று கோடு போடுவதுதான் வேலை. அவருக்கு எழுத வராது, கோடு போட வரும். தீபாவளிக்குப் பார்த்தபோது மூன்று பக்கம் கோடு இருந்தது.

கடைசியாக நம் ஒர்க் ஷாப். மூலையில் ஒரு லேத் நிற்கிறது. எது என்று உங்களுக்கே தெரியும். நம் வாத்தியார்களைவிட வயதானது. "இந்தத் தலைமுறைல இப்படி ஒரு படுகை வராதுடா" என்று அதற்குப் புகழ்; உண்மைதான், படுகை அருமையானது. ஆனால் சக்குக்கு மூடி இல்லை, கால் பிரேக் வேலை செய்வதில்லை. போன செமஸ்டரில் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவனின் சட்டைக் கை சக்கில் மாட்டிக் கிழிந்தது. பக்கத்தில் நின்றவன் சுவிட்சைத் தட்டியதால் சட்டையோடு போயிற்று. அன்று மதியம் எல்லோரும் சிரித்தோம். எங்கேயும் எழுதவில்லை. அடுத்த பேட்ச் பையனுக்குத் தெரியாது. அந்த வாஷிங்டன் மலைக்கு ஆறு வாரம் முன்னால் இருந்த நிலை இதுதானே, தோழர்களே?

சங்கம் இந்த வருடம் வைக்கும் கோரிக்கைகளில் பஸ் பாஸ், ஹாஸ்டல் சாப்பாடு, ஸ்காலர்ஷிப் எல்லாம் இருக்கிறது. எல்லாம் நியாயமானவை. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். புது லேத் வாங்கு என்று கேட்க வேண்டாம். கேட்டாலும் நாம் படித்து முடிப்பதற்குள் வராது. இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன மாற்றியது, யார் மாற்றியது என்பது முன்பக்கம். அதில் மாற்றியவர் கையெழுத்து கட்டாயம். பின்பக்கம் மயிரிழையில் தப்பியவை: என்ன நடந்தது, எப்போது, எந்த மெஷினில். மூன்றே கேள்வி, அங்கே பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தை வைத்து யாருக்கும் இன்டர்னல் மார்க் குறைக்கக் கூடாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.

மாதிரிப் பக்கம் ஒன்று தயார் செய்து சங்க அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஃபவுண்டரிக்கும் வெல்டிங் ஷெட்டுக்கும் அதே கேள்விகள் பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது. எலக்ட்ரிக்கல் லேபுக்கு என்ன சேர்க்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பிரிவுத் தோழர்கள் வந்து பென்சிலால் எழுதிவிட்டுப் போங்கள்.

- இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்